தேர்ந்தெடுத்தல் பாதி, துணைநிற்றல் மீதி

ஒவ்வோர் ஆண்டும் நம் பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைக் குழுக்களுக்குப் புதிய தலைவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். பூப்பந்துக் குழுவாக இருந்தாலும் நாடகக் குழுவாக இருந்தாலும் அப்போது ஒரே கேள்விதான் எழுகிறது. யாரைத் தேர்ந்தெடுப்பது? மிகச் சிறப்பாக விளையாடுபவரையா? எல்லாரிடமும் கலகலப்பாகப் பேசுபவரையா? அல்லது நம் நெருங்கிய நண்பரையா?

இந்தக் கேள்வி மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. சிராங்கூன் சாலையில் உணவகம் நடத்துபவர், ஒரு பள்ளியின் முதல்வர், வங்கியின் மேலாளர், மருத்துவமனையின் தாதியர் பிரிவுத் தலைவர் ஆகிய அனைவரும் இதை அடிக்கடி எதிர்கொள்கிறார்கள். பொருந்தாத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் நிறுவனத்துக்கு இழப்பு ஏற்படும். அவருடன் வேலை செய்பவர்களும் துன்பப்படுவார்கள். பொறுப்பை ஏற்றவர்கூடத் தன்னம்பிக்கையை இழந்துவிடுவார்.

திருக்குறளின் பொருட்பாலில் இதைப் பற்றி இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து உள்ளன. 51ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’. ஒருவரை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது பற்றி அது பேசுகிறது. 52ஆம் அதிகாரம் ‘தெரிந்து வினையாடல்’. தேர்ந்தெடுத்தவரிடம் ஏற்ற வேலையை ஒப்படைத்து நடத்துவது பற்றி அது கூறுகிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பது ஒரு கடமை. தேர்ந்தெடுத்த பிறகு அவரை நன்றாக நடத்துவது வேறொரு கடமை. பலர் முதற்கடமையோடு தங்கள் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு கடமைகளும் சிங்கப்பூரில் எப்படி நிறைவேற்றப்பட்டன, இன்று எப்படி நிறைவேற்றப்படுகின்றன என்பதைப் பார்ப்போம்.

கிட்டங்கியில் கற்ற தொழில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து நகரத்தார் சிங்கப்பூருக்கு வந்து வட்டித்தொழில் செய்தார்கள். டேங்க் ரோட்டில் உள்ள தெண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டு அவர்களால் கட்டப்பட்டது. அவர்களுடைய தொழில் நடந்த இடத்தின் பெயர் கிட்டங்கி. மார்க்கெட் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட் பகுதிகளில் இத்தகைய கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது நீண்ட கூடம். அங்கே பல நிறுவனங்கள் பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தரையில் ஒரு சிறிய இடமும் சாய்வான கணக்கு மேசையும் பெட்டியும் இருக்கும். வேலை செய்பவர்கள் அங்கேயே தங்கி, ஒன்றாக உண்டு உறங்கினார்கள்.

முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடல் கடந்த நாட்டில் அவருடைய பணத்தை நிர்வகிப்பவர் ‘மேலாள்’ எனப்பட்டார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் ‘அடுத்தாள்’. எல்லாருக்கும் கீழே ‘பெட்டியடிப் பையன்’ இருந்தான். அந்தப் பையனுக்கு ஏறத்தாழ உங்கள் வயதுதான் இருக்கும். தொடக்கத்தில் அவன் எடுபிடி வேலைகளைச் செய்வான். பிறகு கணக்கு எழுதப் பழகுவான். கடன் கேட்டு வருபவர்களிடம் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள், யாருக்கு மறுக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து கவனிப்பான். திறமையும் நேர்மையும் உள்ளவன் சில ஆண்டுகளில் அடுத்தாள் ஆவான். பின்னர் மேலாளாக உயர்வான்.

இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவதாக, வேலைக்குக் காலவரையறை இருந்தது. மேலாளின் ஒப்பந்தம் வழக்கமாக மூன்று ஆண்டுகள் நீடிக்கும். இரண்டாவதாக, தவணை முடிந்ததும் அவர் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். தாம் என்ன செய்தார் என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவதாக, தொழில் நன்றாக நடந்தால் சம்பளத்துக்கு மேல் லாபத்தில் ஒரு பங்கும் அவருக்குக் கிடைக்கும். நிறுவனம் வளர்ந்தால் தானும் வளரலாம் என்று அவருக்குத் தெரியும்.

கடிதம் சென்று சேரவே பல நாள் ஆகும் காலத்தில், பல ஆயிரம் வெள்ளியை ஒருவரிடம் நம்பி ஒப்படைக்க இந்த முறை உதவியது. ஆளை முன்கூட்டியே பழக்கி, அவரைப் பல ஆண்டுகள் கவனித்துப் பார்த்த பிறகே பெரிய பொறுப்பு கொடுக்கப்பட்டது.

தெரிந்தவரா, தகுந்தவரா?

கிட்டங்கி முறையில் ஒரு குறையும் இருந்தது. அதன் கதவு ஒரு சமூகத்தைச் சேர்ந்த ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. வேறு யாருக்காவது கணக்கில் எவ்வளவு திறமை இருந்தாலும் அவர் மேலாள் ஆக வாய்ப்பில்லை.

சிங்கப்பூருக்கு வந்த மற்றச் சமூகத்தினரும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொண்டார்கள். கடை வைத்தவர் தம் ஊரிலிருந்தே ஆள்களை வரவழைத்தார். சீனர்களும் தங்கள் கிளைமொழியைப் பேசுபவர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இதற்குக் காரணம் இருந்தது. சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாத காலத்தில், ‘இவன் இன்னாருடைய மகன்’ என்பதே நற்சான்றாக இருந்தது. புதிதாக வந்தவருக்கு வேலையோடு தங்குமிடமும் உணவும் ஆதரவும் கிடைத்தன. ஆகவே, தெரிந்தவரை வேலைக்கு வைப்பதை வெறும் பாரபட்சம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால், பல இனத்தவர் வாழும் நாட்டில் எல்லாரும் தங்களுக்குத் தெரிந்தவர்களையே தேர்ந்தெடுத்தால், யாரையும் தெரியாத ஒருவர் எங்கே போவார்?

இந்தச் சிக்கல் மிகப் பழையது. அதைத் தீர்க்கத் தமிழகத்தில் ஓர் ஊர்ச்சபை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முயன்றது. காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மற்றொன்று 921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஊரின் ஏரியையும் தோட்டங்களையும் கவனிக்கும் வாரியங்களுக்கு உறுப்பினர்களை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஒரு சிறுவன் அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். இதுவே குடவோலை முறை.

குடத்தில் பெயர் விழுவதற்கு முன்னரே விதிகள் வகுக்கப்பட்டுவிட்டன என்பதுதான் இங்கே முக்கியம். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரக்கூடாது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. 919ஆம் ஆண்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, 921ஆம் ஆண்டில் 35 முதல் 70 வரை என்று மாற்றப்பட்டது. விதியை நடைமுறைப்படுத்திப் பார்த்து, இரண்டே ஆண்டுகளில் அதைத் திருத்தியிருக்கிறார்கள். பெண்களும் நிலமில்லாதவர்களும் அந்தத் தேர்வில் பங்கெடுக்க முடியவில்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது. இருப்பினும், ஆளைப் பார்ப்பதற்கு முன் தகுதியை முடிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் இன்றைக்கும் பொருந்தும்.

சிங்கப்பூரில் அரசாங்க வேலைகளுக்கு ஆள் எடுப்பதை அரசியல் தலையீடு இல்லாமல் நடத்துவதற்காக 1951ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி பொதுச் சேவை ஆணையம் அமைக்கப்பட்டது. தகுதி அடிப்படையில் நியமனம் என்ற கொள்கை அதன் அடித்தளம். தனியார் நிறுவனங்களுக்காக முதலாளிகள், தொழிற்சங்கம், அரசாங்கம் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து நியாயமான வேலை நியமன வழிகாட்டிகளை வகுத்தன. அடுத்த கட்டமாக, 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, நாட்டுரிமை, பாலினம், திருமண நிலை, கருவுற்றிருத்தல், குடும்பத்தாரைப் பராமரிக்கும் பொறுப்பு, இனம், சமயம், மொழி, உடற்குறை, மனநலம் ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒருவருக்குப் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கிறது.

ஆனால், வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படும் தகுதியை எதிர்பார்ப்பது தவறன்று. தமிழாசிரியராக வர விரும்புபவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது பாகுபாடு ஆகாது. தொடக்கத்தில் 25 பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. லிட்டில் இந்தியாவில் உள்ள சிறிய கடைகள் பல இந்தப் பிரிவில் அடங்கும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அந்தக் கடைக்காரர்கள் யோசித்துப் பார்க்கலாம். ‘இளைஞர்கள் மட்டும் தேவை’ என்று கடை வாசலில் எழுதி ஒட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலைக்கு உண்மையில் தேவைப்படுவது என்ன? மூட்டைகளைத் தூக்க வேண்டும், இரவு பத்து மணி வரை நின்று வேலை செய்ய வேண்டும் என்பதுதானே? அதையே எழுதினால், அதைச் செய்யக்கூடிய ஐம்பது வயதுக்காரரும் விண்ணப்பிப்பார். கடைக்காரருக்கும் நல்ல ஊழியர் ஒருவர் கிடைக்கக்கூடும்.

நேர்காணலில் எதைப் பார்ப்பது?

தகுதியை முடிவு செய்தாயிற்று. விண்ணப்பங்களும் வந்துவிட்டன. அடுத்தது நேர்காணல். நன்றாக உடுத்தி, சிரித்த முகத்தோடு, சரளமாகப் பேசுபவரை நமக்கு உடனே பிடித்துவிடுகிறது. நம்மைப் போன்றவரையும் நாம் எளிதில் விரும்புகிறோம். அவர் நாம் படித்த பள்ளியில் படித்தவராக இருக்கலாம். நம்மைப் போலவே காற்பந்தை ரசிப்பவராக இருக்கலாம். இவற்றுக்கும் அவர் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்.

இந்தத் தவற்றைக் குறைக்கச் சில எளிய வழிகள் உள்ளன. எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பது ஒரு வழி. விடைகளுக்கு எப்படி மதிப்பெண் இடுவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். இவ்வாறு திட்டமிட்டு நடத்தும் நேர்காணல், மனம்போன போக்கில் உரையாடுவதைவிட நம்பகமானது என்று உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒருவருக்குப் பதிலாக இரண்டு மூன்று பேர் சேர்ந்து மதிப்பிடுவது இன்னொரு வழி.

வேலையையே செய்து காட்டச் சொல்வது மற்றொரு நல்ல வழி. சமையற்காரரைச் சமைக்கச் சொல்லிச் சுவைத்துப் பார்க்கலாம். மேலைநாட்டு இசைக்குழுக்கள் பல இதில் இன்னும் ஒரு படி மேலே சென்றன. விண்ணப்பித்தவரைத் திரைக்குப் பின்னால் இருந்து வாசிக்கச் செய்தன. தேர்வாளர்களுக்கு இசை மட்டுமே கேட்கும். வாசிப்பவர் ஆணா பெண்ணா, எந்த இனத்தவர் என்பது தெரியாது.

நம் நாட்டில் ஆசிரியராக விரும்புபவர்களைக் கல்வி அமைச்சே நேர்காணல் செய்து தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பலர், தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு பள்ளியில் சிறிது காலம் கற்பிக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பணி ஏற்றதா என்று பள்ளி பார்க்கிறது. தங்களுக்கு இந்தப் பணி பிடித்திருக்கிறதா என்று அவர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். தேர்வு என்பது இருபக்கமும் நடக்கும் ஒன்று. வேலை தருபவரைப் போலவே வேலை தேடுபவரும் தேர்ந்தெடுக்கிறார்.

நல்ல ஆசிரியர் எல்லாரும் முதல்வராக வேண்டுமா?

ஒருவர் தம் வேலையைச் சிறப்பாகச் செய்தால் அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கிறோம். நன்றாக விற்பவர் விற்பனை மேலாளர் ஆகிறார். நன்றாகச் சமைப்பவர் உணவகத்தின் மேற்பார்வையாளர் ஆகிறார். ஆனால், புதிய வேலைக்குத் தேவைப்படும் திறன்கள் வேறு. சுவையாகச் சமைக்கத் தெரிந்தவருக்கு வேலை நேர அட்டவணை போடவும் ஊழியர்களின் சண்டையைத் தீர்க்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இதனால் நிறுவனம் ஒரு நல்ல சமையற்காரரை இழக்கிறது. தடுமாறும் மேற்பார்வையாளர் ஒருவரைப் பெறுகிறது. லாரன்ஸ் பீட்டர் என்னும் கல்வியாளர் இந்த நிலையை 1969ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் நகைச்சுவையோடு விளக்கினார். அது ‘பீட்டர் கோட்பாடு’ என்ற பெயரில் உலகெங்கும் அறியப்படுகிறது.

பள்ளிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. வகுப்பறையில் மாணவர்களைக் கவர்ந்திழுக்கும் ஆசிரியர் ஒருவர், உயர்வு பெற வேண்டும் என்பதற்காக வகுப்பறையை விட்டு அலுவலக அறைக்குச் செல்ல வேண்டுமா? சிங்கப்பூரில் 2001ஆம் ஆண்டு அறிமுகமான ஏற்பாடு இதற்கு விடை தந்தது. அதன்படி ஆசிரியர்கள் மூன்று தடங்களில் ஒன்றில் செல்லலாம். கற்பித்தல் தடத்தில் செல்பவர் மூத்த ஆசிரியராகி, மேலும் உயர்ந்து ‘மாஸ்டர் டீச்சர்’ எனும் நிலையை அடையலாம். அவர் மற்ற ஆசிரியர்களுக்குக் கற்பித்தலில் வழிகாட்டுவார். தலைமைத்துவத் தடத்தில் செல்பவர் துறைத் தலைவர், துணை முதல்வர், முதல்வர் என உயரலாம். பாடத்திட்டம், ஆய்வு, மதிப்பீடு போன்றவற்றில் ஆழ்ந்த அறிவு பெற விரும்புபவருக்கு மூத்த வல்லுநர் தடம் இருக்கிறது.

உயர்வதற்கு ஒரே ஏணி மட்டும் இருந்தால் எல்லாரும் அதில்தான் ஏற முயல்வார்கள். பல ஏணிகள் இருந்தால் அவரவர் தமக்கு ஏற்றதில் ஏறலாம். உங்கள் குழுக்களிலும் இதைக் காணலாம். குழுவின் தலைசிறந்த ஆட்டக்காரர்தான் தலைவராக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் இளைய மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஏற்கலாம். அமைதியாக இருந்தாலும் எல்லாருடைய கருத்தையும் காதுகொடுத்துக் கேட்பவர் நல்ல தலைவராக விளங்கலாம்.

பொறுப்பைக் கொடுத்த பிறகு

இனி இரண்டாவது கடமைக்கு வருவோம். சரியான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவரைத் தனியாகத் தவிக்க விட்டால் அந்தத் தேர்வு வீணாகிவிடும்.

லிட்டில் இந்தியா உணவகங்களை எடுத்துக்கொள்வோம். இந்திய உணவைச் சமைக்கத் தெரிந்தவர்கள் உள்ளூரில் போதுமான அளவு கிடைக்கவில்லை. எனவே, 2023ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து சமையற்காரர்களை வேலை அனுமதியில் வரவழைக்க இந்திய உணவகங்களுக்கு வழி ஏற்பட்டது. ஒரு சமையற்காரர் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இங்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோசை சுடுவதில் அவர் வல்லவராக இருக்கலாம். ஆனால், இங்குள்ள உணவுத் தூய்மை விதிகள் அவருக்குப் புதியவை. உடன் வேலை செய்பவர்களில் சிலருக்குத் தமிழ் தெரியாது. மதிய நேரத்துக் கூட்டமும் அவருக்குப் பழக்கமில்லை. குடும்பமோ ஊரில் இருக்கிறது. முதல் வாரத்திலேயே, ‘இவர் சரிப்பட்டு வரமாட்டார்’ என்று முடிவு கட்டும் முதலாளி, குறை சமையற்காரரிடம் இருக்கிறதா, தம்மிடம் இருக்கிறதா என்று யோசிப்பது நல்லது.

நம் பள்ளிகளில் புதிய ஆசிரியர்களுக்கு முதலில் பாடவேளைகள் சற்றுக் குறைவாகவே கொடுக்கப்படுகின்றன. அனுபவம் வாய்ந்த ஆசிரியர் ஒருவர் அவர்களுக்கு வழிகாட்டுகிறார். ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பணித்திறன் மேம்பாட்டுக்காகச் செலவிட ஆசிரியர்களுக்கு வாய்ப்பு உண்டு. தமிழாசிரியர்கள் ஒன்றுகூடிக் கற்கும் இடங்களுள் ஒன்று, லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம். பெட்டியடிப் பையன் பெரியவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து கற்றதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். அன்று ஒரு சமூகத்துக்கு மட்டும் கிடைத்த வாய்ப்பு இன்று தகுதியுள்ள அனைவருக்கும் கிடைக்கிறது.

நல்ல தலைவர் செய்ய வேண்டிய வேறு சிலவும் உள்ளன. என்ன எதிர்பார்க்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘நன்றாகச் செய்’ என்றால் யாருக்கும் புரியாது. ‘வெள்ளிக்கிழமைக்குள் அரங்க அலங்காரத்துக்கான பொருள் பட்டியலைக் கொடு’ என்றால் புரியும். வேலையை ஒப்படைத்த பிறகு ஒவ்வொன்றிலும் தலையிடக்கூடாது. தாமே எல்லாவற்றையும் செய்யும் தலைவர் விரைவில் களைத்துவிடுவார். அவருக்குக் கீழே உள்ளவர்களும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

பாராட்டைப் பலர் முன்னிலையிலும் திருத்தத்தைத் தனிமையிலும் சொல்வது நல்லது. ‘நீ சோம்பேறி’ என்று சொன்னால் அது ஆளைக் குறை கூறுவதாகும். ‘இரண்டு முறை பயிற்சிக்குத் தாமதமாக வந்தாய், என்ன காரணம்?’ என்று கேட்டால் அது செயலைப் பற்றிய பேச்சு. காரணத்தைக் கேட்ட பிறகுதான், வீட்டில் அவருக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருப்பது நமக்குத் தெரியவரலாம்.

இவ்வளவு செய்தும் சில நேரங்களில் ஒருவர் அந்தப் பொறுப்புக்குப் பொருந்தாமல் போகலாம். அப்போது அதை மூடி மறைப்பது அவருக்கும் நல்லதன்று, மற்றவர்களுக்கும் நல்லதன்று. அவருடைய மரியாதை குறையாதபடி உண்மையைப் பேசி, அவருக்கு ஏற்ற வேறு வேலையைத் தேட உதவ வேண்டும்.

தலைவருக்கும் ஒரு கடமை உண்டு. தாம் இல்லாவிட்டாலும் நிறுவனம் நன்றாக இயங்கும்படி செய்ய வேண்டும். சிங்கப்பூரில் பள்ளி முதல்வர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பள்ளிகளுக்கு மாற்றப்படுகிறார்கள். ஒரு பள்ளியில் கற்ற அனுபவம் இன்னொரு பள்ளிக்கும் பயன்படுகிறது. முதல்வர் மாறிய பிறகும் பள்ளி தடுமாறாமல் நடந்தால், முந்திய முதல்வர் தம்மைச் சுற்றி இருந்தவர்களை நன்றாக வளர்த்திருக்கிறார் என்று பொருள்.

உங்கள் முறை வரும்போது

மாணவர்களே, நீங்கள் இன்னும் சில ஆண்டுகளில் வேலைக்கு விண்ணப்பிப்பீர்கள். உங்களில் பலர் பிறரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கும் வருவீர்கள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது, பெயர்களைப் பேசுவதற்கு முன் அந்தப் பொறுப்புக்கு என்னென்ன தேவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பெயரையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் நண்பர் அதற்குப் பொருந்தினால் அவரைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. பொருந்தாவிட்டால், நீங்கள் அதிகம் பேசியிராத ஒருவரின் பெயரைச் சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

அவர் பொறுப்பை ஏற்ற பிறகு முதல் சில வாரங்கள் அவருக்குக் கடினமாகவே இருக்கும். அப்போது, ‘உனக்கு என்ன உதவி வேண்டும்?’ என்று கேட்பவராக இருங்கள்.